கார் வேலைக்கு டார்க் ரென்ச்: ஒன்று போதுமா, மலிவானதை நம்பலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான். எட்டு வருடம் ஓடிய சிறிய பெட்ரோல் கார். டயர் கழற்றி மாட்டுவது, எஞ்சின் ஆயில், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக் என்று நாலு வேலையையும் இனி வீட்டிலேயே செய்ய நினைக்கிறார். ஒரே டார்க் ரென்ச் (நட்டை முறுக்கும் அளவை நாமே வைத்து, அது வந்ததும் "டிக்" என்று சொல்லும் ஸ்பேனர்) எல்லாவற்றுக்கும் போதுமா, ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வருவதை நம்பலாமா, அல்லது தெரிந்த மெக்கானிக் சொல்வதுபோல் "கை அளவே போதும்" என்று விட்டுவிடலாமா? மூன்று கேள்வியாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தக் கருவி "டிக்" என்றால் போல்ட் சரியாக இறுகிவிட்டது என்று நம்பலாமா? அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டால் எந்த அளவு வாங்குவது, என்ன விலை கொடுப்பது என்பதெல்லாம் சுலபமாகிவிடும்.

நட்டை இறுக்கும்போது அது ஏறி நிற்கும் எஃகுத் தண்டு இம்மியளவு நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் வீலை ஹப்போடு (வீல் மாட்டும் சுழலும் பாகம்) சேர்த்துப் பிடிக்கிறது. நமக்கு வேண்டியது அந்தப் பிடிப்பு, ஆனால் டார்க் ரென்ச்சுக்கு அது தெரியாது. நட்டைத் திருப்ப எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி, நட்டின் முகம், அதாவது அது உட்காரும் பக்கம், உரசுவதிலேயே தீர்ந்துவிடும். இன்னொரு 40 சதவீதம் மரைக்குள் உரசுவதில் போகும். மீதி 10 சதவீதம்தான் தண்டை நீட்டுகிறது. உரசல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த 10 சதவீதம் பெரிதாக ஆட்டம் காணும்.

கணக்காகவே பார்க்கலாம். டார்க், அதாவது முறுக்கு, என்பது உரசல் எண், போல்ட்டின் விட்டம், பிடிப்பு விசை மூன்றையும் பெருக்கி வருவது. எண்ணெய் படாத எஃகு மரைக்கு உரசல் எண் சுமார் 0.2. எம்12 ஸ்டட்டில் (வீல் நட் ஏறும், 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு) 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் பிடிப்பு ஏறத்தாழ 41,700 நியூட்டன், அதாவது நாலேகால் டன். அதே ஸ்டட்டில் யாரோ நல்லெண்ணத்தில் ஆயில் தடவிவிட்டார் என்றால் எண் 0.15 பக்கம் இறங்கும். அதே 100-க்குப் பிடிப்பு 55,500 நியூட்டன், ஐந்தரை டன்னுக்கு மேல். 8.8 தரத்தில் (வலிமையைச் சொல்லும் எண்) உள்ள எம்12, 1.25 பிட்ச் (மரைகளின் இடைவெளி, மில்லிமீட்டரில்) போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் எல்லை சுமார் 53,400 நியூட்டன்தான். ரென்ச் சரியாக 100-ல் "டிக்" சொல்லியிருக்கும், போல்ட்டோ எல்லையைத் தாண்டியிருக்கும். அதைவிட வலுவான 10.9 தர ஸ்டட் என்றால் உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் கையிருப்பில் இருந்த பாதுகாப்பில் கணிசமான பகுதி கரைந்துவிட்டது. துருப்பிடித்த மரையில் இதற்கு நேர்மாறு நடக்கும்: "டிக்" கேட்கும், பிடிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

இந்த 0.2, 0.15 எல்லாம் தோராயமான எண்கள். மரையின் மேல்பூச்சு, நட்டின் முகம், எத்தனை முறை கழற்றி மாட்டியது என்பதைப் பொறுத்து மாறும். டார்க்கை மட்டும் வைத்து இறுக்கினால் பிடிப்பு 25 முதல் 30 சதவீதம் வரை கூடலாம் குறையலாம் என்றுதான் பொறியாளர்களே கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். நல்ல ரென்ச்சின் பிழையோ 4 சதவீதம். அதனால் என் பதில் இது: மரையும் முகமும் சுத்தமாக, மேனுவல் சொன்ன நிலையில் இருந்தால் "டிக்"கை நம்பலாம். அழுக்கு மரையில் இருபதாயிரம் ரூபாய் ரென்ச்சும் ஏமாற்றும். காசு செலவழிக்கும் முன் ஒரு வயர் பிரஷ் வாங்குங்கள்.

மெக்கானிக்கின் "கை அளவு" பற்றி. தினமும் அதே ஸ்பேனரால் அதே போல்ட்டைத் திருப்புகிறவருடைய கை நிஜமாகவே பழகியிருக்கும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பழக்கம் அந்த ஸ்பேனரின் நீளத்தோடு ஒட்டியது. நீளம் மாறினால் கை ஏமாறும். புதிதாகச் செய்கிறவர்களின் கை இன்னொரு வகையிலும் தவறும்: சின்ன போல்ட்டைக் கூடுதலாகவும் பெரிய போல்ட்டைக் குறைவாகவும் இறுக்கும். எம்6 போல்ட்டுக்கு வேண்டியது 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். அரை அடி நீள ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோ எடை தொங்கினாலே அது வந்துவிடும். பயந்துகொண்டே இன்னொரு கால் சுற்று கொடுத்தால் தலை கையோடு வந்துவிடும், உடைந்த தண்டு எஞ்சினுக்குள் நிற்கும்.

அடுத்து, ரென்ச்சைத் தேடும் முன் மேனுவலைத் திறந்து நாலு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: வீல் நட், ஆயில் டிரெய்ன் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுவது), ஸ்பார்க் பிளக், காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) போல்ட். வீல் நட் எண் ஓனர்ஸ் மேனுவலிலேயே இருக்கும். மற்றவை பெரும்பாலும் ஒர்க்‌ஷாப் மேனுவலில்தான். கார் மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்குச் சில உதாரணங்கள்: பழைய ஸ்விஃப்டில் வீல் நட் 85, டொயோட்டாவின் பல கார்களில் 103, ஹோண்டா சிட்டியில் 108, ஃபோக்ஸ்வாகன் போலோவில் 120. எல்லாம் நியூட்டன் மீட்டர். இனி வெறும் எண் சொன்னாலும் அதே அலகுதான். பக்கத்து வீட்டுக் காரின் எண்ணை வாங்கிப் போடாதீர்கள்.

அலகில் ஏமாறுவது நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஹோண்டா மேனுவலில் ஒரே வரியில் 108 நியூட்டன் மீட்டர், 11 கிலோகிராம் மீட்டர், 80 பவுண்டு அடி என்று மூன்றும் இருக்கும். ரென்ச்சின் ஒரு பக்கம் நியூட்டன் மீட்டரும் மறுபக்கம் பவுண்டு அடியும் பொறித்திருக்கும். 80 என்று மனதில் வைத்துக்கொண்டு நியூட்டன் மீட்டர் பக்கத்தில் வைத்தால் கால்பங்கு குறைவாக இறுக்குகிறீர்கள். சின்ன போல்ட்டுகளுக்குச் சில மேனுவல்கள் கிலோகிராம் சென்டிமீட்டரில் தரும்: 120 என்று இருந்தால் அது வெறும் 11.8 நியூட்டன் மீட்டர். அமெரிக்க மேனுவல் பார்த்தால் பவுண்டு அங்குலமா, பவுண்டு அடியா என்று இரண்டு தடவை பாருங்கள், வித்தியாசம் 12 மடங்கு. கிலோகிராம் மீட்டரை 9.8-ஆலும், பவுண்டு அடியை 1.356-ஆலும் பெருக்கினால் நியூட்டன் மீட்டர்.

எண்கள் கைக்கு வந்ததும் அளவு தானாக முடிவாகிவிடும். ஒரு டார்க் ரென்ச்சை அதன் உச்ச அளவில் 20 சதவீதத்துக்குக் கீழே நம்பக்கூடாது. டார்க் ரென்ச்சுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 6789 தரநிலையே அந்த 20 சதவீதத்திலிருந்து மேலேதான் பொதுவாகச் சோதிக்கச் சொல்கிறது. 200 வரை போகும் ரென்ச்சை 40-க்குக் கீழே பயன்படுத்தாதீர்கள். அதனால் ஒரே ரென்ச் எல்லாவற்றுக்கும் போதாது. அரை இன்ச் டிரைவில் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) 40 முதல் 200 வரை ஒன்று, 3/8 டிரைவில் 10 முதல் 50 வரை ஒன்று, இந்த ஜோடி வீட்டில் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிடும். ஹப்பின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட் பல கார்களில் 200-ஐத் தாண்டும், அதை இப்போதைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம். இப்போது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் உங்கள் வீல் நட் எண்ணைப் பாருங்கள். 85 பக்கம் என்றால் 3/8 டிரைவில் 20 முதல் 110 வரை உள்ளதே வீல், டிரெய்ன் போல்ட், காலிப்பர் மூன்றையும் சமாளிக்கும். 108, 120 என்றால் அந்தச் சின்ன ரென்ச்சின் கைப்பிடி குட்டை, உடம்பைக் கொடுத்து இழுக்க வேண்டிவரும், இழுப்பு சீராக வராது. அப்போது அரை இன்ச்சை முதலில் வாங்கிவிட்டு, சின்ன போல்ட் வேலைகளை இரண்டாவது ரென்ச் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.

வகையைப் பொறுத்தவரை, "டிக்" சொல்லும் கிளிக் வகைதான் வீட்டுக்கு ஏற்றது. காரின் அடியில் படுத்துக்கொண்டு எண்ணைப் பார்க்க முடியாத இடத்திலும் கையும் காதும் சொல்லிவிடும். முள் காட்டும் பீம் வகை பழைய காலத்தது என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. உள்ளே ஸ்பிரிங் கிடையாது, பற்சக்கரம் கிடையாது, வளையும் ஒரு கம்பி, வளையாத ஒரு முள், அவ்வளவுதான். சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில் நின்றால் கருவி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டு திசையிலும் அளக்கும். கெடுதல் என்னவென்றால், முள்ளை நேர் மேலிருந்து பார்க்க வேண்டும், கோணலாகப் பார்த்தால் எண் தப்பும். டிஜிட்டல் வசதியானது, கோணமும் அளப்பவை உண்டு, ஆனால் வருடத்துக்கு நாலு முறை எடுப்பவர் பெட்டிக்குள் பேட்டரி கசிந்து கிடப்பதைத்தான் பார்க்க நேரும்.

இரண்டாயிரம் ரூபாய் ரென்ச்சை நம்பலாமா? ஐ.எஸ்.ஓ. 6789 படி கிளிக் ரென்ச்சுக்கு அனுமதித்த பிழை, உச்ச அளவு 10-க்கு மேல் உள்ளவற்றில் கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம், அதற்குச் சிறியவற்றில் 6 சதவீதம். மலிவான கிளிக் ரென்ச்சுகளில் இதற்குள் வருபவையும் இருக்கின்றன, வராதவையும் இருக்கின்றன. பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியது மூன்று. பெட்டிக்குள் சோதனைச் சான்று இருந்து, அதில் உள்ள வரிசை எண் ரென்ச்சில் பொறித்த எண்ணோடு ஒத்துப்போகிறதா? அதில் மூன்று புள்ளிகளிலாவது உண்மையில் அளந்த மதிப்பு அச்சாகியிருக்கிறதா? பிழை சதவீதம் அந்தந்த எண்ணுக்கா, முழு அளவுக்கா? 200 ரென்ச்சில் "முழு அளவில் 4 சதவீதம்" என்றால் எங்கே வைத்தாலும் 8 நியூட்டன் மீட்டர் தப்பலாம். 100-ல் அது 8 சதவீதம், 40-ல் 20 சதவீதம். சான்று இல்லாத ரென்ச் வீல் நட்டுக்கு ஓரளவு போதும், அதையும் கீழே சொல்லும் எடைச் சோதனை செய்த பிறகு. அலுமினிய மரைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

கிளிக் ரென்ச்சில் எண் வைப்பதே பலருக்கு முதல் தடுமாற்றம். கடைகளில் அதிகம் கிடைக்கும் 28 முதல் 210 வரையான அரை இன்ச் ரென்ச்சை எடுத்துக்கொள்வோம். உடம்பில் நிற்கும் கோடுகள் 28, 42, 56 என்று 14, 14-ஆகப் போகும். கைப்பிடியோடு சுற்றும் வளையத்தில் 0, 2, 4 என்று 14 வரை. 108 வேண்டும் என்றால், அதற்குக் கீழே உள்ள கோடு 98. அடியில் இருக்கும் பூட்டுத் திருகைத் தளர்த்தி, வளையத்தின் மேல் விளிம்பு 98 கோட்டைத் தொட்டு, வளையத்தின் 0 நடுக்கோட்டுக்கு வரும்வரை சுற்றுங்கள். அங்கிருந்து வளையத்தில் 10 வரும்வரை மேலும் சுற்றினால் 98-ம் 10-ம் சேர்ந்து 108. பூட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது வளையம் ஒரு கோடு நகர்ந்துவிடும், மறுபடி பாருங்கள். அதிகமாகப் போய்விட்டால் நேராக 10-க்குத் திருப்பாமல், 6, 7 வரை இறக்கி மேலே ஏற்றுங்கள், திருகின் தளர்வு எப்போதும் ஒரே பக்கம் இருக்கும். பல மாதம் சும்மா கிடந்த ரென்ச் என்றால், ஏற்கெனவே இறுகிய வேறு ஏதாவது பெரிய போல்ட்டில் நடு அளவில் ஐந்தாறு தடவை "டிக்" வரவைத்துவிட்டு வேலைக்கு எடுங்கள். உள்ளே உறைந்த கிரீஸ் பரவினால்தான் முதல் நட்டும் கடைசி நட்டும் ஒன்றாக இறுகும்.

இழுக்கும்போது கைப்பிடியின் நடுவில் ஒரு கை, சாக்கெட்டின் தலைமேல் இன்னொரு கை. தலையைத் தாங்கிப் பிடிப்பது ரென்ச் சாயாமல் இருக்க மட்டுமே, அங்கே அழுத்தக்கூடாது. சீராக, ஒரே வேகத்தில். கடைசிக் கால் சுற்று இடையில் நிற்காமல் வரவேண்டும். நின்று மறுபடி தொடங்கினால், நின்ற நட்டை நகர்த்தத் தேவைப்படும் கூடுதல் முறுக்கு முன்கூட்டியே "டிக்" வரவைத்துவிடும், நட்டு நகர்ந்திருக்காது. அப்படி நேர்ந்தால் கொஞ்சம் தளர்த்திவிட்டு ஒரே இழுப்பாக முடியுங்கள். "டிக்" வந்ததும் நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு "டிக்" என்று இழுப்பவர்கள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இறுக்குகிறார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: ஏற்கெனவே அளவுக்கு மீறி இறுகிய நட்டில் ரென்ச் வைத்தாலும் "டிக்" வரும். நட்டு குறைவாக இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது, கூடுதலாக இல்லை என்று சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் தளர்த்தி மறுபடி இறுக்குவதுதான் வழி.

நேராக நிற்கும் எக்ஸ்டென்ஷன் ராடு போட்டால் எண் மாறாது. ரென்ச்சின் நீளத்தைக் கூட்டும் எதுவும் எண்ணை மாற்றும். சாக்கெட் நுழையாத இடத்தில் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் குரோஃபுட் (ரென்ச்சில் மாட்டும் திறந்தவாய் ஸ்பேனர் தலை) போட்டால், வேண்டிய எண்ணை ரென்ச்சின் நீளத்தால் பெருக்கி, மொத்த நீளத்தால் வகுக்க வேண்டும். சதுர முனையிலிருந்து கைப்பிடி நடு வரை 40 சென்டிமீட்டர், குரோஃபுட் 5 சென்டிமீட்டர், வேண்டியது 90 என்றால், 90-ஐ 40-ஆல் பெருக்கி 45-ஆல் வகுத்து 80-ல் வைக்க வேண்டும். குரோஃபுட்டை ரென்ச்சுக்குச் செங்குத்தாகத் திருப்பி மாட்டினால் இந்தக் கணக்கே தேவையில்லை. கைப்பிடியில் பைப் செருகி இழுப்பது வேண்டவே வேண்டாம். யூனிவர்சல் ஜாயிண்டை (சாக்கெட்டைச் சாய்க்க உதவும் மடங்கும் மூட்டு) சாய்த்துவிட்டு வரும் எண்ணையும் நம்பாதீர்கள்.

இனி வேலைகள். வீலில் ஆரம்பிக்கலாம், அதிகம் செய்யப்போவது அதுதான். வண்டி தரையில் நிற்கும்போதே வீல் ஸ்பேனரால் நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். தளர்த்துவதற்கு டார்க் ரென்ச்சை எடுக்காதீர்கள். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் இறுக்கிய நட்டு 200, 250 என்று நிற்கலாம், அதைக் கழற்றினால் ரென்ச்சின் உச்ச அளவைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, மலிவான கிளிக் ரென்ச்சுகள் பல வலப்பக்கம் மட்டுமே அளக்கும், இடப்பக்கம் "டிக்" எச்சரிக்கைகூட வராது. வீல் வெளியே வந்ததும் ஹப் முகத்திலும் வீலின் பின்முகத்திலும் இருக்கும் துருவை வயர் பிரஷால் தேயுங்கள். அந்தத் துருப்படலம் ஓடும்போது நசுங்கினால், நீங்கள் கொடுத்த பிடிப்பும் அதோடு போய்விடும். ஸ்டட் மரையை உலர்ந்த துணியால் துடையுங்கள். மேனுவல் சொன்னாலொழிய எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். நட்டை விரலால் நாலைந்து சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறாத நட்டு மரை மாறி ஏறுகிறது என்று பொருள், ஸ்பேனரால் வற்புறுத்தாதீர்கள். டயர் தரையைத் தொடும் அளவுக்கு ஜாக்கியை இறக்கி, நாலு நட்டு என்றால் எதிரெதிராக, ஐந்து என்றால் நட்சத்திரம் போடுவதுபோல், முதல் சுற்றில் 50, 60 வரை, இரண்டாம் சுற்றில் முழு எண்வரை இறுக்குங்கள். 80, 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு, வீல் ஆறியிருக்கும்போது, அதே எண்ணில் மறுபடி பாருங்கள். நகராமல் "டிக்" வந்தால் சரி. இம்மி நகர்ந்தாலும் தப்பில்லை. கால் சுற்று போனால் எங்கேயோ பெயிண்டோ துருவோ நசுங்கியிருக்கிறது, அல்லது நட்டு அந்த வீலுக்குரியது அல்ல.

அந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எண்ணைச் சரியாக வைத்தும் வீல் தளர்வதற்கு இது ஒரு காரணம். நட்டு வீலில் உட்காரும் இடம் மூன்று வகை: 60 டிகிரிக் கூம்பு, உருண்டை முகம், தட்டை வாஷர். ஹோண்டா கம்பெனி வீல்களுக்கு உருண்டை முகம். வெளியில் வாங்கும் அலாய் வீல்கள் பெரும்பாலும் கூம்பு. பழைய நட்டையே புது அலாயில் போட்டால், முழுமுகமும் உட்காராமல் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். "டிக்" சரியாகவே கேட்கும். ஓட ஓட அந்த வளையம் அலுமினியத்தைத் தின்று உள்ளே இறங்கும், பிடிப்பு தளரும். நட்டைக் கழற்றி, உட்காரும் இடத்தில் பளபளப்பான கோடு தெரிகிறதா, அகலமான பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். மெல்லிய கோடு என்றால் நட்டை மாற்றுங்கள்.

பஞ்சர் கடையில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கன்னால் லேசாக ஏற்றிவிட்டு, கடைசி இறுக்கத்தைக் கையால் செய்யச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து எல்லா நட்டையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தி உங்கள் எண்ணில் இறுக்குங்கள். கூடுதல் இறுக்கம் ஸ்டட்டை நீட்டும் என்பது உறுதி. "பிரேக் டிஸ்க் வளைந்துவிடும்" என்று எல்லோரும் சொல்வது அவ்வளவு உறுதி இல்லை. பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குவதற்குப் பெரும்பாலும் டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதும், பேட் பொருள் திட்டுத்திட்டாகப் படிவதும்தான் காரணம். நட்டுகள் சமமில்லாமல் இறுகினால் டிஸ்க் லேசாகக் கோணி நின்று, அந்தத் தடிமன் வேறுபாட்டுக்கு வழிசெய்யக்கூடும். எல்லா நட்டும் ஒரே மாதிரி இறுகுவது அதனால்தான் முக்கியம்.

ஆயில் டிரெய்ன் போல்ட்டுக்கு ஹோண்டாவின் பல பெட்ரோல் எஞ்சின்களில் 39, மற்ற கார்களிலும் பெரும்பாலும் 25-க்கும் 45-க்கும் இடையில். வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. அது நசுங்கித்தான் அடைக்கிறது, நசுங்கியது மறுபடி நசுங்காது. பழைய வாஷரோடு கசிகிறதே என்று இன்னும் இறுக்கி அலுமினிய சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) மரையைப் போக்கிக்கொள்கிறவர்கள் ஏராளம். இங்கேதான் 28 முதல் 210 வரையான ரென்ச் காலைவாரும். 39-ல் அதன் ஸ்பிரிங்கில் இறுக்கமே இருக்காது. 108-ல் "டக்" என்று கையை உதறவைக்கும் அதே கருவி, இங்கே நகம் தட்டியதுபோல் ஒரு அசைவு மட்டும் காட்டும். பக்கத்தில் லாரி போனால் சத்தம் கேட்காது, கையுறை போட்டிருந்தால் அசைவும் தெரியாது. இழுத்துக்கொண்டே போவீர்கள், போல்ட் திடீரென்று இளகித் திரும்பும், அப்போது மரை வெளியே வந்திருக்கும். அதன் பிறகு லேத் பட்டறையில் ஹெலிகாயில் (போன மரைக்குப் பதில் செருகும் கம்பிச்சுருள்) போடுவது அல்லது சம்ப்பையே மாற்றுவது.

ஸ்பார்க் பிளக்கை எஞ்சின் ஆறியபிறகு மட்டும் தொடுங்கள். குழிக்குள் இருக்கும் தூசியை முதலில் காற்றடித்து வெளியேற்றுங்கள், சாக்கெட்டோடு எக்ஸ்டென்ஷனை மட்டும் மாட்டி விரலால் ஏற்றுங்கள், கடைசியில்தான் ரென்ச். மேனுவல் எண் கிடைக்காவிட்டால், வாஷர் உள்ள பிளக்குக்கு அலுமினிய ஹெட்டில் (பிளக் ஏறும் எஞ்சினின் மேற்பகுதி) பிளக் தயாரிப்பாளரான என்.ஜி.கே. தரும் பொது அளவுகள்: 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30, 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20, 10 மில்லிமீட்டருக்கு 10 முதல் 12. மேனுவலில் இதைவிடக் குறைவாக இருந்தால் மேனுவல்தான் சரி. மரையில் ஆன்டிசீஸ் (மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் போடும் பசை) தடவும் பழக்கம் பழைய பிளக்குகளோடு வந்தது. இப்போது பிளக்குகள் மேல்பூச்சோடு வருகின்றன, தடவ வேண்டாம் என்றே என்.ஜி.கே. சொல்கிறது. தடவினால் மேலே பார்த்த கணக்குத்தான்: எண் அதே, பிடிப்பு அதிகம்.

பிரேக் பேட் மாற்றும்போது கழற்றும் காலிப்பர் பின் போல்ட் பெரும்பாலும் எம்8, 22 முதல் 35-க்குள் முடிந்துவிடும். அதன் பின்னால் இருக்கும் பிராக்கெட் போல்ட் பெரியது, 80 முதல் 110 வரை போகும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் எண்களை மாற்றிப் போட்டுவிடும் அபாயம் உண்டு. மேனுவல் மரைப்பசை போடச் சொல்லியிருந்தால் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஹெட் போல்ட் மாதிரி, "30 கொடுத்துவிட்டு 90 டிகிரி, மறுபடி 90 டிகிரி" என்று கோணம் சொல்லும் போல்ட்டுகள் வேறு இனம். உரசலை நம்பாமல் தண்டை நேரடியாக நீட்டும் முறை அது. அவற்றில் பல ஒருமுறைதான், கழற்றினால் புதிது போட வேண்டும். உங்கள் நாலு வேலையில் அது வராது.

வேலை முடிந்ததும் ரென்ச்சை அதன் குறைந்தபட்ச எண்ணுக்கு இறக்கி வையுங்கள். அதற்கும் கீழே, பூஜ்யம்வரை போகாதீர்கள், உள்ளே உள்ள பாகங்கள் இடம் மாறிவிடலாம். ஒரு ராத்திரி 108-லேயே கிடந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. மாதக்கணக்கில் கிடந்தால் ஸ்பிரிங் தளரும். இறக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்லும் ஸ்பிளிட் பீம் வகையும் உண்டு, காகிதத்தைப் படியுங்கள். உள்ளே எண்ணெய் விடாதீர்கள். சிமெண்டுத் தரையில் விழுந்தால் சோதிக்காமல் எடுக்காதீர்கள். தொழிற்சாலைகளுக்கு 12 மாதம் அல்லது 5,000 இழுப்பு, எது முதலில் வருகிறதோ அப்போது காலிபரேஷன் (அளவு சரியா என்று சோதித்துச் சரிசெய்வது) என்பது வழக்கம். வீட்டு ரென்ச் 5,000-ஐ எட்டவே எட்டாது, ஆனாலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. சென்னை, கோவையில் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் இருக்கின்றன. கட்டணத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள், மலிவான ரென்ச்சின் விலையைவிட அது அதிகமாகலாம்.

அதற்குப் பதிலாக வீட்டிலேயே ஒரு எடைச் சோதனை செய்யலாம். ஒரு புள்ளியில் மட்டும்தான் சோதிக்கும், சான்றுக்கு ஈடாகாது, ஆனால் பெரிய தவறைப் பிடித்துவிடும். ரென்ச்சின் சதுர முனையைத் தாமிரத் தகடு வைத்து வைஸில் கடிக்கவிடுங்கள். ரென்ச் தரைக்கு இணையாக, எடை தொங்கினால் இறுக்கும் திசையில் திரும்பும்படி நிற்கட்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பி மளிகைக்கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், 20.8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி நடுவில், முனையிலிருந்து சரியாக 40 சென்டிமீட்டரில், கயிற்றால் கட்டுங்கள். 20.8-ஐ 9.81-ஆலும் 0.40-ஆலும் பெருக்கினால் 81.6. ரென்ச்சின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும்: 1.3 கிலோ ரென்ச், விரல்மேல் வைத்தால் முனையிலிருந்து 20 சென்டிமீட்டரில் சமநிலை என்றால் இன்னும் 2.6. ஆக மொத்தம் 84.2. கேன் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கட்டும், கையால் தாங்கி மெதுவாக விடுங்கள், தொப்பென்று விட்டால் கணக்கு கெடும். ரென்ச்சை 80-ல் வைத்தால் "டிக்" வர வேண்டும், 88-ல் வைத்தால் வரக்கூடாது. 88-லும் வந்தால் ரென்ச் முந்திக்கொள்கிறது, நட்டு குறைவாக இறுகும். 80-ல்கூட வராவிட்டால் அது பிந்துகிறது, எண் 39 என்று காட்டிக்கொண்டே சம்ப் மரையைப் பிய்த்துவிடும். இரண்டில் எது நடந்தாலும் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். வாங்கிய அன்றே இந்தச் சோதனையைச் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.